இரண்டாம் நம்பர் பொத்தான்

செப்டம்பர் 1, ஞாயிறு

கப்பல் இன்றும் உட்கார்ந்துவிட்டது. நேற்று மாலை போர்டிகோவில் நிமிர்ந்துதான் நின்றது. காலையில் பார்த்தால் முன்பக்கம் இடது சக்கரத்தின் மேல் படிந்து கிடக்கிறது. இந்த வண்டிக்கு மற்ற கார்களைப்போல ஸ்பிரிங் கிடையாது. காற்றடைத்த ரப்பர் பைகளின் மேல் நிற்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். டியூப் சேரும் இடத்தில் குமிழி குமிழியாக வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தினேன். வாணி சமையலறையிலிருந்து, "அதுக்குத்தானுங்களே முப்பத்தாறு வருசம் சம்பளம் வாங்குனீங்க," என்றாள்.

உண்மைதான். பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனை. குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஆறடி உயர மில் முதலாளி ஒருவர் பதினேழு வருடத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்து வரவழைத்த கார் இது. அவர் காலமானபிறகு அவருடைய மகன், இடத்தைக் காலி செய்தால் போதும் என்று எனக்குத் தள்ளிவிட்டார். கப்பல் என்று பெயர் வைத்தது வாணி. பாராட்டு அல்ல.

எனக்கு ஒரே ஒரு கணக்கு. மகள் சிந்துஜாவுக்கு நவம்பர் 10 வளைகாப்பு, சேலத்தில் மாப்பிள்ளை வீட்டில். அது முடிந்ததும் பிள்ளையைப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். "பெரிய வண்டியிலதான் வரணும்ப்பா, நீங்கதான் ஓட்டணும்," என்று போனில் சொல்லிவிட்டாள். சம்பந்தி வீட்டு வாசலில் கப்பல் நிற்க வேண்டும். அதற்குள் இதைத் தேற்றிவிட வேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

என்ஜின் ஆயில் மாற்றினேன். வடிக்கும்போது கொஞ்சம் வலது காலில் சிந்திவிட்டது. வாணிதான் பார்த்து அலறினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறிப்போன ஆயிலாக இருந்திருக்கும். சாயங்காலம் பெரிதாக ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. அதுதான் புரியவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலையில் கணபதி பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரிக்கு ஆலோசனை சொல்லப் போகிறேன். அந்தச் சந்தில் கப்பல் நுழையாது, அதனால் பஸ். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் உள்ளே அரை இஞ்ச் வாஷர் ஒன்று. காலையில் டூல்பாக்ஸிலிருந்து விழுந்திருக்க வேண்டும். நாள் முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறேன், உறுத்தவே இல்லை. நல்ல ஷூ. இன்னொரு ஜோடி வாங்கி வைக்க வேண்டும்.

வாணி அந்த வாஷரைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதத்தில் வட்டமாகப் பதிந்திருந்த தடத்தையும் பார்த்தாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

புதுக் குறை. அவிநாசி ரோடு வரை ஓட்டிப் போனேன். பிரேக் பெடல் பஞ்சை மிதிப்பது போல இருக்கிறது. எவ்வளவு மிதித்தேன் என்று கால் சொல்வதில்லை. ஒரு சிக்னலில் மெதுவாகத்தான் மிதித்தேன், வண்டி குத்தி நின்று, பின்னால் வந்தவன் என் பரம்பரையையே திட்டினான். அடுத்த சிக்னலில் நன்றாக மிதித்தேன் என்று நினைத்தேன், கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது. வேறென்ன.

செப்டம்பர் 22, ஞாயிறு

பிரேக்கில் காற்று எடுத்தோம். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட. வாணியை உட்கார வைத்தேன். கால் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் நகர்த்திக்கொண்டாள். பட்டனை நான் சொல்லித்தரவில்லை, அவளே கண்டுபிடித்தாள்.

"மிதி" என்றால் மிதித்தாள், "விடு" என்றால் விட்டாள். நாலு சக்கரமும் முடிந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை. என்ஜினை ஓடவிட்டு மறுபடி மிதித்துப் பார்க்கச் சொன்னேன்.

"எப்படி இருக்குது?"

"நல்லா நிக்குதுங்க. பாதிக்கு மேல எறங்கவே இல்ல."

"பஞ்சாட்ட இல்ல?"

"எங்கீங்க பஞ்சு? எங்கப்பா அம்பாசிடர்ல கிளட்ச்சுதான் இப்படிக் கெட்டியா இருக்கும். இதுல கிளட்சே இல்லீங்களா?"

இவள் அப்பா காரின் கிளட்ச் எப்படி இருந்தது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கேட்க நினைத்தேன், அதற்குள் நானே ஏறி மிதித்தேன். பஞ்சு. சத்தியமாகப் பஞ்சு. இவளுக்குக் கெட்டி, எனக்குப் பஞ்சு. ஒரே பெடல், ஒரே நிமிடம். சீட் முன்னால் இருந்ததால் மிதிக்கும் கோணம் மாறியிருக்குமோ?

செப்டம்பர் 25, புதன்

வெளிநாட்டுக் கார்கள் பார்க்கும் நிஜாமுதீனிடம் கொண்டுபோனேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "பிரேக் ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார். இவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய சின்னக் காரை வாங்கி அந்தத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினேன், ஒப்பிட்டுப் பார்க்க. அதிலும் அதே பஞ்சு!

இரண்டு வண்டிக்கும் ஒரே கம்பெனி பிரேக் ஆயில் ஊற்றியிருக்கிறோம். ஆயிலில் கலப்படம் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. நிஜாமுதீனிடம் சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

அக்டோபர் 3, வியாழன்

வாணி நச்சரித்து ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். சர்க்கரை எகிறிக் கிடக்கிறதாம். இவ்வளவு பெரிய எண் வர வாய்ப்பே இல்லை. அந்த லேபில் மெஷினை எப்போது கடைசியாகச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன், அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அளக்கும் கருவியே சந்தேகமாக இருந்தால் அளவை எப்படி நம்புவது? மாத்திரை வீட்டில் இருக்கிறது. தினமும் போடுவதில்லை என்று வாணி டாக்டரிடம் போட்டுக் கொடுத்தாள். கால் நரம்பைப் பார்க்க இன்னொரு டாக்டருக்குச் சீட்டு எழுதினார். வளைகாப்பு முடியட்டும்.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

காலையிலேயே கப்பலைக் கழுவித் துடைத்தேன். கூரைத்துணி தொங்கும் இடங்களில் வாணி குத்தி வைத்திருந்த ஊக்குகளைக்கூட எடுக்கவில்லை, தோரணம் மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சந்தனம், குங்குமம் வாணியின் பொறுப்பு. என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பீப் பீப் என்று ஒரே அலறல். முன்னால் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. ஆனால் வண்டி சுவரில் மோதப் போவதுபோலக் கத்துகிறது. புதுக் குறையோ என்று ஃபியூஸ் பெட்டியைத் திறந்துவிட்டேன். பிறகுதான் பார்த்தேன். முன்பம்பரில் சின்னச் சின்ன வட்டமாக ஆறு சென்சார்கள் இருக்கின்றன, எதிரில் ஏதாவது வந்தால் எச்சரிப்பதற்கு. ஆறின் மேலும் அழகாகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம்.

"வட்ட வட்டமா இருந்துச்சுங்க. பொட்டு வெக்கறதுக்குன்னே விட்டிருக்கறான்னு நெனச்சேன்."

சிரித்துவிட்டேன். பூஜை முடியும் வரை கத்தட்டும், பொட்டை அழிக்க வேண்டாம் என்றேன். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். சூடத்தட்டோடு கேட் பக்கம் நின்று சுற்றினாள். நான் மெதுவாக வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்கி, உடனே நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பழம் நசுங்கியது. கேட் வளைந்துவிட்டது. பித்தளைத் தட்டும் நசுங்கிவிட்டது. வாணிக்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 12, சனி

எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று எழுதாததை எழுதிவிடுகிறேன். நான் பிரேக்கைத்தான் மிதித்தேன். வண்டி பாய்ந்தது. மேலும் மிதித்தேன், மேலும் பாய்ந்தது. வாணி தட்டை வீசிவிட்டுப் பக்கவாட்டில் குதித்தாள். இரும்புக் கேட் தடுத்திருக்காவிட்டால் வண்டி ரோட்டுக்கே போயிருக்கும். இறங்கி ஓடினேன். முழங்கையில் சிராய்ப்பு, புடவையில் மஞ்சளும் எண்ணெயும். நான் அவளைத் தூக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள்.

ஆக்சிலரேட்டர் பெடலில் ஒரு சென்சார் இருக்கிறது. அது கெட்டுப்போனால் வண்டி தானாகப் பாயும். ஆர்டர் போட்டுவிட்டேன்.

போனில் நிஜாமுதீனிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சார், கோச்சுக்காதீங்க. எதை மிதிச்சீங்க?" என்றார். வைத்துவிட்டேன். இத்தனை வருடம் வண்டி ஓட்டுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

அக்டோபர் 15, செவ்வாய்

ஃபவுண்டரியிலிருந்து வந்து கப்பலில் ஏறினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. சீட் முன்னால் போய், உயர்ந்தும் இருக்கிறது. யாரும் தொடவில்லை. வாணியைக் கேட்டேன். "தானா நவுந்திருக்குமுங்க. பழைய வண்டிதானுங்களே," என்றாள்.

அக்டோபர் 16, புதன்

புது பெடல் சென்சார் வந்தது, மாட்டினேன். பஞ்சு அப்படியே இருக்கிறது. வாணி ஆதார் அட்டையும் போட்டோவும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் எங்கோ போனாள். ரேஷன் கார்டு விஷயமாம். ரேஷன் கார்டுக்குக் கண் பரிசோதனை எதற்கு? கண் டாக்டர் சீட்டும் கையில் இருந்தது. ஒன்றும் புரியவில்லை.

அக்டோபர் 19, சனி

நேற்று மறுபடி சீட். டிரைவர் சீட்டைக் கழற்றி, அடியில் உள்ள வயர் கனெக்டர் எல்லாவற்றையும் ஸ்பிரே அடித்துத் துடைத்தேன். கதவில் 1, 2, 3 என்று மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. ஒருவர் தன் உயரத்துக்கு சீட்டையும் கண்ணாடியையும் சரிசெய்து பதிந்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை பொத்தானை அமுக்கியதும் அதே இடத்துக்கு வந்து நிற்கும். ஒன்றாம் நம்பர் நான். சும்மா இரண்டை அமுக்கினேன். சீட் முன்னால் போனது, மேலே எழுந்தது, பக்கக் கண்ணாடிகள் கீழே குனிந்தன. குள்ளமான யாரோ ஒருவரின் அளவு. பழைய முதலாளியோ ஆறடி. கப்பல் யாரை ஞாபகம் வைத்திருக்கிறது?

அழித்துவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

இரண்டாம் நம்பர் திரும்ப வந்துவிட்டது. அதே ஆள். இந்த முறை அந்த உயரத்துக்குக் கண்ணாடி இன்னும் கச்சிதமாக இருக்கிறது.

அக்டோபர் 25, வெள்ளி

சீட் பிரச்சினை செவ்வாயும் வெள்ளியும்தான் வருகிறது. வண்டிக்குக் கிழமை எப்படித் தெரியும்? வாணிக்கு இந்த இரண்டு நாளும் கோயில் இருக்கிறது, அவளும் சாட்சி சொல்ல முடியாது. பெட்ரோல் முள்ளும் இறங்கியிருக்கிறது. டேங்கிலும் கசிவா?

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளி மறுநாள், ஃபவுண்டரி லீவு. இன்று வெள்ளிக்கிழமை, சீட் நகரவில்லை.

நான் வீட்டில் இருந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

ஃபவுண்டரியில் உலை பழுது, சீக்கிரமே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி நம் தெரு முனைக்கு வந்தால் போர்டிகோ காலி. திருட்டுத்தான் என்று போலீசைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது எதிர்முனையிலிருந்து கப்பல் திரும்பி வந்தது. மெதுவாக, ஆனால் ஒரு தடுமாற்றமும் இல்லாமல். காய்கறி வண்டிக்காக நின்றது, வழிவிட்டது, கேட்டுக்குள் நுழைந்தது. சென்சார் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நான் அந்தக் கேட்டில் நுழையும்போதெல்லாம் கத்தும்.

வாணி இறங்கினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். ஸ்டியரிங்கை ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ அமுக்கினாள். என் சீட்டை எனக்காகப் பின்னால் அனுப்பினாள்.

நான் மளிகைக் கடை மறைவில் நின்றிருந்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற கோபம். ஆனால் என்ன வார்த்தை சொல்லியிருப்பாள் என்று யோசித்ததும் கோபம் நிற்கவில்லை, பயம்தான் நின்றது. பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பிப் போய் ஒரு டீ குடித்து, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன்.

"இன்னைக்கு சீட் நவுரலீங்களா?" என்றாள்.

"இல்ல."

நவம்பர் 8, வெள்ளி

ஃபவுண்டரிக்குப் போகவில்லை. வாணி வளைகாப்புக்கு வளையல் வாங்க டவுன்ஹால் போயிருந்தாள். பகல் வெளிச்சத்தில் ஹாலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தரையில் ஒரு வாஷர், ஒரு போல்ட், தீப்பெட்டி, எலுமிச்சம்பழம். கண்ணை மூடி, அவற்றைக் கையால் கலைத்துவிட்டு, ஒவ்வொன்றாக வலது காலால் மிதித்து என்னவென்று சொல்ல வேண்டும். கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்கு விரலால் தடவிக் குறை கண்டுபிடிக்கச் சொல்லி இப்படித்தான் சோதனை வைப்பேன்.

எலுமிச்சம்பழம் மட்டும் தெரிந்தது, அதுவும் உருண்டதால். மற்றது எதுவும் தெரியவில்லை. கால் வெறும் தரையில் இருக்கிறது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். போல்ட்டின் மேல் முழுப் பாரமும் போட்டு மிதித்துக்கொண்டிருந்தேன். பாதத்தில் மரை பதிந்திருந்தது.

மூன்று தடவை செய்தேன். அளவு சரியில்லை, கருவி சரியில்லை என்று சொல்ல இந்த முறை எதுவும் இல்லை. கப்பலில் குறை தேடி எதை எதையெல்லாம் கழற்றினேன்! அந்தப் பூஜை நாளில் என் காலடியில் இருந்தது பிரேக் இல்லை. அது பிரேக்தான் என்று கால் சொன்னது, நான் நம்பினேன். வாணி ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள்.

பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் சிந்துஜா இருப்பாள். அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

சிந்துஜா போன் செய்தாள். "அப்பா, வண்டி ரெடியா?" என்றாள். ரெடி என்றேன்.

நவம்பர் 9, சனி

டயரில் காற்று பார்த்தேன். கண்ணாடித் துடைப்பானுக்குத் தண்ணீர் ஊற்றினேன். வாணியின் பர்ஸிலிருந்து சில்லறை எடுக்கும்போது புதுப்பித்த லைசென்ஸ் இருந்தது. போட்டோவில் முறைத்துக்கொண்டிருக்கிறாள். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மாத்திரை போட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் வாணி தட்டு, பழம், புடவை எல்லாம் டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சாவி என்னிடம் இருந்தது. அவள் முகம் வெளிறியிருந்தது. கடைசி நிமிடத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. எனக்கும் அதே யோசனைதான்.

கதவைத் திறந்து இரண்டாம் நம்பர் பொத்தானை அமுக்கினேன். சீட் முனகிக்கொண்டே முன்னால் போய், எழுந்து, நின்றது. கண்ணாடிகள் குனிந்தன.

வாணி வந்து பார்த்தாள். சீட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"மறுபடியும் தானா நவுந்திருச்சுங்களா?"

"ஆமா. என்ன பண்ணியும் கோளாறு புடிபடல. எனக்கு இதுல உக்கார முடியாது. உனக்குத்தான் அளவா இருக்கும்போல." சாவியை நீட்டினேன். "நீயே ஓட்டீரு வாணி."

சாவியை வாங்கிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏறுங்க, நேரமாச்சு," என்று மட்டும் சொன்னாள். நான் சுற்றிப்போய் இடதுபக்கம் ஏறினேன். இந்தக் காரில் அந்தப் பக்கம் நான் உட்கார்வது இதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் கூரையில் ஊக்குகள் நிறையத் தெரிகின்றன.

சம்பந்தி வீட்டு வாசலில் கப்பல் போய் நின்றது. எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். ஸ்டியரிங்கிலிருந்து வாணி இறங்கியதைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

திரும்பும்போது சிந்துஜா கை நிறைய வளையலோடு பின்சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பவானி தாண்டி ஒரு வளைவில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். முழு பலத்தோடு மிதித்தேன். வண்டி வளையல் சத்தம்கூட அதிகம் கேட்காமல் வழுக்கி நின்றது. ஆடுகள் நிதானமாகக் கடந்து போயின.

கீழே குனிந்து பார்த்தேன். என் வலது கால் வெறும் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பு எப்போதோ கழன்று ஓரமாகக் கிடந்தது.

வாணி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "விடுங்க, நின்னாச்சு," என்றாள்.

நவம்பர் 11, திங்கள்

நாளை அந்த நரம்பு டாக்டர். வாணி கூட்டிப் போகிறாள். கப்பல் இன்று காலை மறுபடி உட்கார்ந்துவிட்டது, இந்த முறை பின்பக்கம். சோப்புத் தண்ணீர் தயார் செய்ய வேண்டும்.

பிரேக்: குறை இல்லை.